குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அரசுதான் காசு போடணும்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு மத்திய அரசு தனியாக நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் பேச ஆரம்பித்தாலே ஒரு கேள்வி தவறாமல் வரும். "இருக்கிற மருந்தையே எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒழுங்காக் கொடுக்க முடியல. மொதல்ல அதைப் பண்ணட்டும். ஆராய்ச்சியெல்லாம் அமெரிக்காக்காரன் பாத்துக்கட்டும்." கேட்பவர்கள் யாரும் ஈரமில்லாதவர்கள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் அப்பா அம்மாக்களைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு அவசரமில்லாமல் பதில் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பல இடங்களில் 30 சதவீதம்கூடத் தேறுவதில்லை. 2030-க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று 2018-ல் அந்த நிறுவனம் ஒரு இலக்கு வைத்தது. இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 50,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்த நோய் வருவதாக மதிப்பிடுகிறார்கள். நண்பர்கள் சுட்டிக்காட்டுகிற பள்ளம் இதுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. மருந்தை வாங்கிக் கொடுத்தால் மட்டும் அந்தப் பள்ளம் நிரம்பிவிடாது என்பதுதான் என் கட்சி.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோயில் கணிசமான பங்கைத் தடுக்க வழி இருக்கிறது. புகையிலையை விட்டால் வாய், நுரையீரல் புற்றுநோய் குறையும். தடுப்பூசி போட்டால் கருப்பைவாய்ப் புற்றுநோய் குறையும். நாலு வயதுப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால் அதற்கு யாரும் எதையும் செய்திருக்கவில்லை. அம்மா சாப்பிட்டதும் காரணமில்லை, அப்பா செய்த வேலையும் காரணமில்லை. பெரும்பாலான குழந்தைப் புற்றுநோய்களைத் தடுக்க இன்றைக்கு வழி தெரியாது. சீக்கிரம் கண்டுபிடிப்பது, சரியாக வைத்தியம் பார்ப்பது, இரண்டுதான் கையில் இருக்கிறது. இரண்டுமே ஆராய்ச்சியால் வந்தவை.

சரி, "இருக்கிற மருந்து" எங்கிருந்து வந்தது?

அந்தக் கதையில் நம் ஊரும் இருக்கிறது. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். கதர் உடுத்தியதால் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ் பட்டம் கிடைக்காமல் எல்எம்எஸ் சான்றிதழோடு வெளியே வந்தார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். ஹார்வர்டில் பல ஆண்டுகள் உழைத்து, 1940-ல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு, அந்த ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிற சேர்மங்களையும் தயாரித்தது. அதில் ஒன்று அமினோப்டெரின். அதன் நெருங்கிய உறவு மெத்தோட்ரெக்ஸேட்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் மருத்துவர் இருந்தார். ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ரத்தப் புற்றுநோய் வேகமெடுப்பதுபோல அவருக்குப் பட்டது. அப்படியானால் அதைத் தடுத்தால் என்ன ஆகும்? சுப்பாராவ் குழுவின் அமினோப்டெரினை வாங்கி, சாவின் விளிம்பில் இருந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நிவாரணம் தெரிந்தது. 1948 ஜூனில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்வதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்த நிவாரணம் சில மாதங்களுக்குத்தான். நோய் திரும்பி வந்தது. சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் 53 வயதில் இறந்துபோனார். இன்றைக்கும் சென்னையில் ஏதாவது ஒரு வார்டில் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையைக் முதுகை வளைத்துப் படுக்கவைத்துப் போடும் ஊசி அந்த மெத்தோட்ரெக்ஸேட்தான்.

இங்கேதான் பணத்தின் கதை தொடங்குகிறது. ஃபார்பர் முதலில் பொதுமக்களிடம் போனார். 1948 மே மாதம் வானொலியில் புற்றுநோய் வந்த ஒரு சிறுவனை பேஸ்பால் வீரர்களோடு பேச வைத்தார்கள். ஜிம்மி என்று பெயர் சூட்டி அந்தச் சிறுவன் பேரில் நிதி திரட்டினார்கள். 2 லட்சத்து 31 ஆயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தக் காலத்துக்கு அது மலைக்கவைக்கும் தொகை. இப்படித் திரட்டிய பணத்தில் ஒரு நல்ல மருத்துவமனை கட்டலாம், கட்டினார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான மருந்துகளைச் சோதித்து, எதை எதோடு சேர்க்க வேண்டும், எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்று பல ஊர்களில் ஒரே நேரத்தில் பார்க்க அது போதாது என்பது ஃபார்பருக்குத் தெரிந்தது. மருத்துவ ஆராய்ச்சி நிதிக்காகப் பிரசாரம் செய்துவந்த மேரி லாஸ்கரோடு சேர்ந்து வாஷிங்டனில் கதவு கதவாகத் தட்டினார். 1955-ல் அமெரிக்க நாடாளுமன்றம் 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. தேசிய புற்றுநோய்க் கழகத்தின் கீழ் கீமோதெரபிக்கென்று ஒரு தேசிய மையம் வந்தது. பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே திட்டத்தில் வைத்தியம் பார்த்து முடிவுகளை ஒப்பிடும் கூட்டுக்குழுக்கள் வந்தன. 1960-களின் தொடக்கத்தில் அந்தக் கழகத்தின் மருத்துவர்களான எமில் ஃபிரெய், எமில் ஃபிரெய்ரைக் இருவரும் நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கத் துணிந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடியும் வாக்கில் மெம்ஃபிஸில் டொனால்டு பிங்கல் பாதிப் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். இன்றைக்கு அந்த நாட்டில் இதே நோய் வந்த குழந்தைகளில் 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள்.

பூஜ்யத்திலிருந்து 90-க்கு வந்த அந்த ஏற்றத்தில் ஒரு அதிசய மருந்து எங்கேயும் இல்லை. பழைய மருந்துகளையே எடுத்து, வரிசையை மாற்றி, அளவை மாற்றி, ஒவ்வொரு சோதனையிலும் நாலைந்து சதவீதமாக ஏறியது அது. ஒரு சோதனை முடிய ஏழெட்டு ஆண்டு ஆகும். நடுவில் ஆட்சி மாறும், நன்கொடையாளர் மனசு மாறும். அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கிற கஜானா அரசிடம்தான் இருக்கிறது.

மருந்து நிறுவனங்கள் செய்யாதா என்று கேட்கலாம். செய்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். சுப்பாராவே நிறுவனத்தில்தான் வேலை பார்த்தார். 1953-ல் அங்கீகாரம் பெற்ற மெர்காப்டோப்யூரின் என்ற மாத்திரையும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கண்டுபிடித்தது. இருவரும் 1988-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் குழந்தைப் புற்றுநோய் என்பது ஒரு நோயில்லை. ரத்தம், மூளை, கண், சிறுநீரகம், எலும்பு, நரம்பு என்று ஏகப்பட்ட வகை. ஒவ்வொன்றிலும் நோயாளிகள் சொற்பம். லாபக் கணக்குப் போட்டால் ஒன்றும் தேறாது. நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புக் கட்டியை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. அந்தக் கட்டியின் செல்களைத் தேடிப் பிடிக்கும் ஓர் எதிரணுப் புரதத்தை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கினார்கள். அமெரிக்கத் தேசிய புற்றுநோய்க் கழகமே தன் கூடத்தில் அந்த மருந்தைத் தயாரித்து, அரசுப் பணத்தில் இயங்கும் குழந்தைப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவுக்குக் கொடுத்தது. 226 பிள்ளைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2010-ல் வந்தது. இரண்டு ஆண்டு நோயில்லாமல் இருந்தவர்கள் பழைய வைத்தியத்தில் 46 சதவீதம், புதிய மருந்து சேர்த்தபோது 66 சதவீதம். அதற்குப் பிறகுதான் ஒரு நிறுவனத்தின் கைக்கு வந்து, 2015 மார்ச்சில் டைனுடக்ஸிமாப் என்ற பெயரில் அங்கீகாரம் பெற்றது. அரசு ஆய்வுக்கூடம் மருந்து காய்ச்சியிருக்காவிட்டால் அந்த 20 சதவீதம் எங்கே?

இப்போது என் வீட்டுக்குள் வருகிறேன்.

என் சித்தி மகளுக்கு ஒரு பையன். நாலு வயதில் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, காலில் வலி என்றான், தொடையில் நீலம் நீலமாகத் திட்டு. சென்னையில் மஜ்ஜை எடுத்துப் பார்த்து, ஏஎல்எல் என்கிற ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். முதல் சில மாதங்கள் ஆஸ்பத்திரியும் கையுமாகப் போயின. "கவுண்ட் இறங்கிடுச்சு", "பிளேட்லெட் ஏத்தணும்" என்பவைதான் வீட்டில் பேச்சு. அதைத் தாண்டி மெயின்டனன்ஸ் என்ற கட்டத்துக்கு வந்தபோது எல்லோரும் மூச்சுவிட்டோம். ஊசிகள் குறையும், வீட்டிலேயே தினமும் ராத்திரி மாத்திரை. அதுதான் நான் மேலே சொன்ன மெர்காப்டோப்யூரின். வார்டில் எல்லோரும் 6-எம்பி என்பார்கள்.

கடையில் கிடைத்தது 50 மில்லிகிராம் மாத்திரை மட்டும். அவன் எடைக்கும் உயரத்துக்கும் அவ்வளவு கூடாது. இன்றைக்கு முக்கால், நாளைக்கு அரை, ஞாயிற்றுக்கிழமை அரை என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என் தங்கை சமையலறை மேடையில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, புது பிளேடால் மாத்திரையை வெட்டுவாள். பாதி சரியாக விழும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கும்போது நொறுங்கும். தட்டில் வெளிர்மஞ்சள் தூள் சிதறும். அது சாதாரணத் தூள் இல்லை, கீமோ மருந்து. வெறுங்கையால் தொடக்கூடாது, மூச்சில் போகக்கூடாது. சிதறியதைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? "அண்ணா, இது கால் மாத்திரையா, கால்ல பாதியா? எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் கையில் தட்டோடு என்னிடம் கேட்டாள். தேனில் குழைத்துக் கொடுத்தால் சில நாள் துப்பிவிடுவான். எவ்வளவு உள்ளே போனது, திரும்பக் கொடுப்பதா என்று அந்த நேரத்தில் யாருக்கு போன் செய்வது? அளவு குறைந்தால் நோய் திரும்பும். கூடினால் வெள்ளணு இறங்கித் தொற்று வரும். இரண்டு ஆண்டுக்கு மேல் இந்தச் சமையலறை மருத்துவம் நடந்தது. அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், நன்றாக இருக்கிறான்.

பிள்ளைகள் குடிக்கிற மாதிரி இதே மருந்தைத் திரவமாகக் கொடுக்க முடியாதா? முடியும். ஐரோப்பாவில் 2012-லும் அமெரிக்காவில் 2014-லும் வந்துவிட்டது. இந்தியாவில் டாடா நினைவு மையத்தின் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து உழைத்து, ப்ரீவால் என்ற பெயரில் 2025-ல்தான் வெளியிட்டார்கள். டாடா நினைவு மையம் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கும் நிறுவனம் என்பதைக் கவனிக்க வேண்டும். மாத்திரை வந்தது 1953-ல். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்ற வடிவத்தில் அது கிடைக்க 70 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. "இருக்கிற மருந்தை ஒழுங்காகக் கொடுக்கட்டும்" என்பவர்களுக்கு என் தங்கையின் தட்டைத்தான் காட்ட வேண்டும். ஒழுங்காகக் கொடுப்பதற்கே ஆராய்ச்சி தேவைப்படுகிறது.

அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததை அப்படியே எடுத்து இங்கே கொடுத்தால் என்ன என்பது அடுத்த வாதம். இதற்கு நம் அடையாறிலேயே பதில் இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில், 1960-லேயே குழந்தைகளுக்கென்று தனிப் புற்றுநோய் வார்டு வந்துவிட்டது. இந்தியாவில் அதுதான் முதல். 1980-களின் தொடக்கத்தில்கூட நம் நாட்டின் பெரிய மையங்களிலேயே ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 20 சதவீதம் பேர் நோயில்லாமல் நாலு ஆண்டு தாண்டுவது கடினமாக இருந்தது. மேல்நாட்டுத் திட்டங்கள் புத்தகத்தில் அச்சாகிக் கிடந்தன. அவற்றைத் தாங்குகிற ரத்த வங்கியோ தொற்றைக் கட்டுப்படுத்தும் வசதியோ இங்கே இல்லை. 1984-ல் அமெரிக்கத் தேசிய புற்றுநோய்க் கழகத்தின் இயன் மக்ராத்தும் இந்திய மருத்துவர்களும் சேர்ந்து, இங்கே கிடைக்கிற மருந்துகள், இங்கே தாங்கக்கூடிய வீரியம் என்று பார்த்து ஒரு திட்டம் வகுத்தார்கள். எம்சிபி-841 என்று பெயர். மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ், நம் அடையாறு மூன்றும் அதைப் பின்பற்றின. நாலு ஆண்டு நோயில்லாமல் இருப்பவர்கள் 45 முதல் 60 சதவீதம் வரை உயர்ந்தார்கள்.

2005-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் என்னை உலுக்கிய ஒரு விஷயம் இருக்கிறது. நம் பிள்ளைகளின் நோயே கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. மேல்நாட்டுப் பிள்ளைகளைவிட இங்கே வருகிறவர்களுக்கு வெள்ளணு எண்ணிக்கை அதிகம், நெறிக்கட்டி அதிகம், ஈரல் மண்ணீரல் வீக்கம் அதிகம். டி-செல் வகை என்ற முரட்டு ரகம் மேல்நாட்டில் காண்பதைவிட நம் மையங்களில் அதிகம், அதிலும் சென்னையில் குறிப்பாக அதிகம். 18 வயதுக்குள்ளானவர்களில் மையத்துக்கு மையம் 21 முதல் 43 சதவீதம் வரை அந்த ரகம் இருந்தது. மேல்நாட்டில் நோயின் போக்கைக் கணிக்க உதவும் வயது என்ற அளவுகோல், இந்த மூன்று மையங்களில் எதிலும் வேலை செய்யவில்லை. ஏன் என்பதை பாஸ்டனில் உட்கார்ந்து யாரும் நமக்காகத் தேடப்போவதில்லை. தேட வேண்டிய பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், அவர்களின் ரத்த மாதிரியும் இங்கேதான் இருக்கிறது.

இதன் தொடர்ச்சியாக வந்த ஒரு முயற்சி ஐசிக்கிள் என்ற சோதனை. ஏஎல்எல் நோய்க்குப் பல இந்திய மையங்கள் சேர்ந்து, குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்து ஒப்பிடும் பெரிய ஆய்வு. அடையாறும் அதில் உண்டு. அது கேட்கிற கேள்விகளில் ஒன்றைப் பாருங்கள். ஆரம்பக் கட்டத்தில் கொடுக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை, நோயின் தீவிரம் குறைந்த சின்னப் பிள்ளைகளுக்கு 5 வாரம் கொடுக்க வேண்டுமா, 3 வாரம் போதுமா? கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஸ்டீராய்டு நீண்டால் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி விழும். நம் ஊரில் பிள்ளைகள் புற்றுநோயால் மட்டும் சாவதில்லை. வைத்தியத்தின் நடுவே வரும் தொற்றால் சாகிறார்கள். பணக்கார நாட்டில் அந்தத் தொற்று அபூர்வம், அதனால் அங்கே இந்தக் கேள்விக்கு இவ்வளவு அவசரம் இல்லை. இரண்டு வாரத்து மாத்திரையைக் குறைத்தால் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்புவார்கள் என்பது நாம்தான் கேட்க வேண்டிய கேள்வி. விலை குறைந்த பழைய மருந்து அது. அதைக் குறைவாகக் கொடுக்கலாமா என்று சோதிக்க எந்த வியாபாரி காசு போடுவார்?

அஸ்பராஜினேஸ் என்ற ஊசியின் கதையும் அப்படித்தான். ரத்தப் புற்றுநோய் வைத்தியத்தில் அது தூண் போன்றது. இங்கே விற்பனையில் இருக்கும் சில தயாரிப்புகளைக் கொடுத்தபின் ரத்தத்தில் எதிர்பார்த்த வீரியம் இல்லை என்று கண்டறிந்தது நம் மருத்துவர்களின் ஆய்வுகள்தான். அளந்து பார்க்காமல் இருந்திருந்தால் ஊசி போட்டதாகக் கணக்கு இருந்திருக்கும், பிள்ளைக்கு மட்டும் பலன் இருந்திருக்காது. வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிற குடும்பங்கள் ஏன் போகின்றன, எந்தக் கட்டத்தில் போகின்றன, பேருந்துக் கட்டணமும் தங்க இடமும் கொடுத்தால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும் ஆராய்ச்சிதான். நோய் பத்தாயிரத்தில் ஒரு செல்லாக மிச்சமிருந்தாலும் காட்டிக்கொடுக்கும் பரிசோதனையை மலிவாக்குவதும் ஆராய்ச்சிதான். அதைப் பார்த்துத்தான் எந்தப் பிள்ளைக்கு மருந்தைக் கூட்டலாம், எந்தப் பிள்ளைக்குக் குறைக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

பிழைத்த பிறகு வருவதையும் சொல்ல வேண்டும். அறுபது வயதில் குணமாகிறவர் அதற்குப் பிறகு வாழப்போவது சில பத்தாண்டுகள். ஐந்து வயதில் குணமாகிற பிள்ளை இன்னும் அறுபது எழுபது ஆண்டு அந்த உடம்போடு வாழ வேண்டும். டாக்ஸோரூபிசின் என்ற மருந்து இதயத்தைப் பலவீனப்படுத்தலாம். மூளைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு படிப்பையும் வளர்ச்சியையும் பாதிக்கும். ஒரு காலத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதில்லாமலும் பெரும்பாலான பிள்ளைகளைக் குணப்படுத்த முடியும் என்று பொறுமையாக நிரூபித்தது சோதனைகள்தான். என் தங்கை மகன் வகுப்பில் கணக்குப் போடும்போது நான் அந்தச் சோதனைகளில் சேர்ந்த முகம் தெரியாத பிள்ளைகளை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி பெரியவர்களையும் காப்பாற்றியிருக்கிறது. ஆல்ஃபிரட் நுட்சன் 1971-ல் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய் வந்த 48 பேரின் விவரத்தை வைத்துக்கொண்டு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் இந்த நோய் வருகிறது என்று கணித்தார். புற்றுநோயைத் தடுத்து வைத்திருக்கும் மரபணுக்கள் உண்டு என்ற புரிதலே அங்கிருந்துதான் வேர்விட்டது. பல மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறையையும் முதலில் தாங்கிக் காட்டியவர்கள் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள்.

அமெரிக்காவை நம்பிக்கொண்டிருக்க முடியுமா என்பதற்கு அங்கே நடப்பதையே பார்க்கலாம். கேப்ரியெல்லா மில்லர் என்ற பத்து வயதுச் சிறுமி 2013 அக்டோபரில் மூளைத்தண்டில் வந்த கட்டியால் இறந்தாள். பேச்சைக் குறைத்துச் செயலில் இறங்குங்கள் என்று தலைவர்களிடம் கேட்டுவிட்டுப் போனவள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவள் பெயரிலேயே சட்டம் வந்தது. அதிபர் வேட்பாளரை அறிவிக்கும் கட்சி மாநாடுகளுக்கு அரசு கொடுத்துவந்த பணத்தை நிறுத்தி, ஆண்டுக்கு 1 கோடியே 26 லட்சம் டாலர் வீதம் பத்தாண்டுக்குக் குழந்தைகள் நோய் ஆராய்ச்சிக்குத் திருப்பிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. அதே நாட்டில், 1999 முதல் குழந்தைகளின் மூளைக்கட்டிக்குப் புது மருந்துகளைச் சோதித்துவந்த கூட்டமைப்புக்கு 2026 மார்ச்சுக்குப் பிறகு பணம் தரப்போவதில்லை என்று 2025-ல் அறிவித்தார்கள். அதே ஆண்டு குழந்தைப் புற்றுநோய்த் தகவல் திட்டத்துக்கான ஒதுக்கீட்டை 5 கோடியிலிருந்து 10 கோடி டாலராக உயர்த்தவும் செய்தார்கள். ஒரு கை கொடுக்கும், ஒரு கை எடுக்கும். அவர்கள் வரிப்பணம், அவர்கள் அரசியல். சென்னைப் பிள்ளையின் டி-செல் ரகம் அந்தக் கணக்கில் வராது.

நம்மால் முடியாதா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு செய்தி. நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றி, திரும்ப உடம்புக்குள் செலுத்தும் கார்-டி சிகிச்சையை ஐஐடி பாம்பேயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து இங்கேயே உருவாக்கின. 2023 அக்டோபரில் அங்கீகாரம் கிடைத்தது. வெளிநாட்டில் கோடிகளில் ஆகும் சிகிச்சையின் விலையை இது பல மடங்கு கீழே கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அந்த அங்கீகாரத்துக்கு ஆதாரமான சோதனை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் நடந்தது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தனியாகச் சோதித்து, தனியாக ஆதாரம் காட்ட வேண்டும். பிள்ளைகள் எப்போதும் வரிசையின் கடைசியில்.

இந்தியா ஒட்டுமொத்த ஆராய்ச்சிக்கே நாட்டின் உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் செலவழிக்கிறது. அதில் மருத்துவம், அதில் புற்றுநோய், அதில் குழந்தைகள் என்று பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது, பிரதமர் காப்பீடு இருக்கிறது. அவை எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கின்றன. மாவட்ட மருத்துவமனைகளில் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் வரும் என்று 2025 பட்ஜெட்டில் சொன்னதும் நல்ல செய்தி. தங்க இடமும் சத்துணவும் கொடுக்கத் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் காப்பீடு ஊசிக்குப் பணம் கொடுக்கும். அந்த ஊசி போட்ட பிள்ளை ஏழு ஆண்டு கழித்து எப்படி இருக்கிறான் என்று போன் செய்து கேட்டு எழுதிவைக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்காது. அப்படி ஓர் ஆள் இல்லாமல் எந்தச் சோதனையும் நடக்காது.

அதனால் நான் கேட்பது பெரிய கட்டடமோ புது நிறுவனமோ இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் குழந்தைப் புற்றுநோய்க்கென்று தனித் தலைப்பில் நிதி வேண்டும். அது பத்தாண்டுக்கு உறுதி செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், வருஷா வருஷம் புதுப்பித்தால் பாதியில் நிற்கும். பல மையங்கள் சேர்ந்து நடத்தும் சோதனைகளுக்கு அதில் முதலிடம். தரவு எழுதுகிறவர்களுக்கும் ஆராய்ச்சி செவிலியர்களுக்கும் நிரந்தரப் பணியிடங்கள். பிள்ளைகளுக்கு ஏற்ற அளவில், ஏற்ற வடிவில் மருந்து தயாரிக்கிறவர்களிடம் கொள்முதல் செய்வதாக அரசு முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும். மருந்து கொள்முதலில் பேரெடுத்த நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதில் முதலடி வைக்கலாம். பிழைத்தவர்களைப் பெரியவர்களான பிறகும் பின்தொடரும் பதிவேடும் அதே நிதியில் சேர வேண்டும்.

இதற்கு நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினர் கூட்டத்தொடரின்போது சுகாதார அமைச்சகத்திடம் கேள்வி கேட்கலாம். நட்சத்திரக் குறியில்லாத கேள்வி என்றால் அமைச்சகம் எழுத்தில் பதில் கொடுத்தாக வேண்டும். அந்தப் பதில் எல்லோரும் படிக்கும்படி நாடாளுமன்ற இணையதளத்தில் வரும். நான் எங்கள் உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்பிய கேள்விகள் இவை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: கடந்த ஐந்து ஆண்டுகளில் 18 வயதுக்குட்பட்டவர்களின் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று ஆண்டுவாரியாக எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது? பல மையங்களில் நடக்கும் எத்தனை சிகிச்சைச் சோதனைகளுக்கு மத்திய அரசு நிதி கொடுக்கிறது, அவற்றில் தமிழ்நாட்டு மையங்கள் எத்தனை? குழந்தைகளுக்கு ஏற்ற வடிவில் கிடைக்காத புற்றுநோய் மருந்துகளின் பட்டியல் அரசிடம் இருக்கிறதா, இருந்தால் அவற்றை உருவாக்க என்ன காலக்கெடு?